தரைக்கு இறங்கிய கியர்

வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவான். இரண்டு அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றுவான். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். எங்கே போகிறோம் என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் யோசனைக்கே வரும். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் நாற்காலி இருந்தது, சோபா இருந்தது, கட்டில் இருந்தது, உட்காரத்தான் இடமில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினான். ஜன்னல் கொக்கி, கதவுக் கீல், அலமாரிப் பூட்டு எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டான். எண்ணெய் விட இனி ஒன்றும் பாக்கியில்லை என்று ஆனபோது வாசலில் நின்ற வண்டி கண்ணில் பட்டது.

வண்டி அவளுடைய அப்பா ஓட்டியது. அவருக்குப் பிறகு அவளிடம் வந்தது. அவளோடு இந்த வீட்டுக்கு வந்தது. கப்பல் மாதிரி உடம்பு. முன்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே நீள சீட். கியர் தரையில் கிடையாது. ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே, தண்டிலிருந்து பக்கவாட்டில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தன் பக்கம் இழுத்துக் கீழே இறக்கினால் முதல் கியர், மேலே ஏற்றினால் ரிவர்ஸ். இழுக்காமல் மேலே ஏற்றினால் இரண்டு, இறக்கினால் மூன்று. அதோடு சரி, நான்காவது என்று ஒன்று கிடையாது. கம்பி மேலே இருந்ததால் காலடியில் தாராளமான இடம். அவன், அவள், நடுவில் மகள் என்று மூன்று பேரும் முன்னாலேயே உட்கார்ந்து போவார்கள். மகளுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது அவள்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தும் அந்தப் பெயர் போகவில்லை.

வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தண்டிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ராடுகள் தேய்ந்து தொளதொளத்துப் போயிருந்தன. ஒன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம் வேகமாக மாற்றினால் இரண்டு கியரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. எடுத்துவிட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து, தண்டின் அடியில் இருக்கும் இரண்டு சின்னப் பட்டைகளையும் நேராக்க வேண்டும். அவன் மிதிப்பான், அவள் இறங்குவாள். கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டுவாள். "ம், இப்ப போடு" என்பாள். போட்டால் விழும்.

அவள் போய்ச் சில மாதம் கழித்து, நாலு சாலை சேரும் இடத்தில், அதுவும் ஏற்றத்தில், வண்டி அப்படி மாட்டிக்கொண்டது. உள்ளே அவனும் பட்டாணியும் மட்டும். மிதித்தால் இறங்க முடியவில்லை, இறங்கினால் மிதிக்க ஆளில்லை. நாலு பக்கமும் ஹாரன். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "மியூசியத்துல நிறுத்த வேண்டியத ரோட்டுல கொண்டுவந்து ஏன்யா உசுர வாங்கற?" என்றார். கடைசியில் ஜாக்கி கம்பியைக் கிளட்சுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு, வெறுங்கையால் பட்டையை இழுத்தான். விரலில் தோல் உரிந்தது. பட்டாணி அழுதுகொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலமே மகளை மனைவியின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். ரெண்டொரு நாளில் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொன்னான். ரெண்டொரு நாள் ரெண்டொரு வாரமாகி, வாரங்கள் மாதங்களாயின.

ஒரு நாள் அக்கா ஃபோன் செய்தாள்.

"தம்பி, ஸ்கூல் தொறக்கப் போகுது. இங்க சேக்கறதா அங்க சேக்கறதா, ஏதாவது ஒண்ணு வாயத் தொறந்து சொல்லுங்க. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது."

"அங்கதான் அக்கா. வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எதுல?"

"வண்டிலதான்."

"அன்னைக்கு நடுரோட்டுல நின்ன வண்டிலயா? அப்படி ஒரு நாள் அவளுக்கு இன்னொரு தடவ வேண்டாம், தம்பி. நான் அனுப்ப மாட்டேன்."

"கியர மாத்திடறேன் அக்கா. இனிமே சிக்காது."



"ஞாயித்துக்கிழமை வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் அதற்குள் கம்பியை எந்த இடத்தில் நிறுத்துவது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தான். பம்பு தயாரிக்கும் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. எதைச் சொன்னாலும் அது ஒரு கோடாகத்தான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

மெக்கானிக்குக்கு அவசரம் என்று பெயர். உலகம் இடிந்து விழுந்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார், அதனால் வந்த பெயர். அவர் பானெட்டுக்குள் பார்த்தார், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்தார்.

"சார், இதுக்குப் போய் எதுக்கு தரைக் கியர்? தேஞ்சுபோன நாலு புஷ்ஷ மாத்தி, ரெண்டு ராட நிமித்தினா போதும். சொன்ன பேச்சு கேக்கும்."

"மறுபடி தேயும்ல?"

"தேயும். உங்க பேரன் ஓட்டும்போது."

"வேண்டாம்ணே. கழட்டிடுங்க."

"ஸ்டியரிங் கியர் வண்டின்னு இதுக்குன்னு ஒரு அந்தஸ்து இருக்கு சார். நாளைக்கு எவனாவது பாத்தா என்னைத்தான் திட்டுவான்."

"சிக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

"சிக்காது. சிக்க வைக்கணும்னு நீங்க தலைகீழா நின்னாலும் சிக்காது" என்றார் அவசரம், கொஞ்சம் வருத்தத்தோடு.

அலுவலகம் முடிந்ததும் அவன் நேராகப் பட்டறைக்குப் போனான். அவசரம் உட்காரச் சொல்லிப் போட்ட ஸ்டூலில் ஒருநாள்கூட உட்காரவில்லை. தண்டிலிருந்து கம்பியை அவனே கழற்றினான். ராடுகளை அவனே உருவினான். அவசரம் ஒரு ஸ்பானரைத் தேடி எடுப்பதற்குள் அவன் இன்னொரு ஸ்பானரோடு அடியில் படுத்திருப்பான்.

"சார், நான் பொழைக்க வேண்டாமா? கொஞ்சம் வேலைய எனக்கும் மிச்சம் வைங்க."

சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார்கள். தரை விரிப்பைச் சுருட்டினார்கள். கியர்பாக்ஸுக்கு மேலே தரைத் தகட்டில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டார் அவசரம். கிரைண்டரைக் கையில் எடுத்தவர் ஒரு கணம் நிறுத்தினார்.

"நடுவுல யாரும் உக்கார மாட்டாங்கல்ல?"

"யாருமில்ல."

கிரைண்டர் அலறியது. தீப்பொறி சீட்டு இருந்த இடமெல்லாம் தெறித்தது. சதுரம் துண்டாகிக் கீழே சிமென்ட் தரையில் விழுந்தது. சத்தம் அடங்கிய பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

"அண்ணே, நடுவுல என் பொண்ணு உக்காருவா."

அவசரம் ஓட்டையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார்.

"இத இப்ப சொல்றீங்க."

"மறந்துட்டேன்."

பெற்ற மகளை எப்படி மறப்பீர்கள் என்று அவசரம் கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு டீ சொல்லப் போனார்.

அதற்கப்புறம் அவனுக்கு வேறு வேலையே ஓடவில்லை. கம்பி நேராக நின்றால் குழந்தையின் இரண்டு முட்டிக்கும் நடுவில் வரும். முன்பக்கம் வளைத்தால் டேஷ்போர்டில் இடிக்கும். ஓட்டுபவர் பக்கம் சாய்த்தால் ரேடியோவைத் தாண்டும்போது கை சிக்கும். அலுவலகத்தில் பம்பு வரைபடங்களின் ஓரமெல்லாம் வளைந்த கம்பிகளாக முளைத்தன. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "இது என்ன புது மாடல் பம்பு, கொக்கு கழுத்து மாதிரி?" என்றார். அவன் தாளைத் திருப்பிப் போட்டான்.

பட்டறையில் அவசரம் கம்பியைச் சூடாக்கி வளைத்தார். அவன் பொருத்திப் பார்த்தான். கழற்றினான். இன்னும் கொஞ்சம் என்றான். மறுபடி சூடாக்கினார். மறுபடி பொருத்தினான்.

"சார், இது கியர் கம்பியா, குடைக் கம்பியா?"

"மூணாவது போட்டா பின்னால வந்து முட்டியில இடிக்கும்ணே."

"அதுக்குத்தான் சொல்றேன். இப்ப வர்ற வண்டிங்க மாதிரி திருப்பி வெச்சுடலாம். ஃபர்ஸ்ட் முன்னால, ரிவர்ஸ் பின்னால. மூணாவதும் முன்னால போயிடும். பாப்பா முட்டிக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். படத்தில் போட்டுப் பார்த்தால் அதுதான் சரியாக வரும்.

"வேண்டாம். வரிசை பழையபடியே இருக்கட்டும்."

"ஏன் சார்?"

இந்த வண்டியில் மேலே ஏற்றினால் ரிவர்ஸ். மனைவியின் கை அப்படித்தான் போகும். இதை அவசரத்திடம் என்னவென்று சொல்வது? "பழகிடுச்சு" என்றான்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். கிளட்சை மிதித்ததும் அவன் கை தானாக ஸ்டியரிங் தண்டுக்குப் போய் வெறுங்காற்றைப் பிடித்தது. அவசரம் சிரித்தார். தெருவைத் தாண்டுவதற்குள் இன்னும் சில தடவை காற்றைப் பிடித்தான். அப்புறம் கை கீழே இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. வேண்டுமென்றே வெடுக்கென்று மாற்றினான். ஏற்றத்தில் நிறுத்தி மாற்றினான். சிக்கவில்லை. வெண்ணெய் மாதிரி விழுந்தது.

"என்ன சார், மூஞ்சில ஒரு சிரிப்பக் காணோம்?"

"நல்லா இருக்குண்ணே."

நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில், அடுத்து எதைக் கழற்றலாம் என்ற எண்ணம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது சகலை பனியனோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர். எதையும் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் என்னவென்று கேட்கிற ஆள்.

"வாய்யா சகல! கியர தரைக்கு இறக்கிட்டியாமே? எங்க, காட்டு. அடேயப்பா, இது என்ன யானைத் தும்பிக்கை மாதிரி!"

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பின்னால் பட்டாணி. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். ஒரு கையைப் பொத்தி வைத்திருந்தாள். ஓடி வரவில்லை. அவனைப் பார்த்தபடி படியிலேயே நின்றாள். வளர்ந்திருந்தாள். அவன் தலையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

"நகரு, நகரு. நான் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று சகலை அதற்குள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"சகல, இருங்க, அதுல ஃபர்ஸ்ட் வந்து..."

"யோவ், நீ பால் குடிக்கும்போதே நான் ஸ்டியரிங் பிடிச்சவன். எனக்கா சொல்லித் தர்ற?"

கம்பியைத் தன் வண்டியில் தள்ளுவதுபோல் முன்னால் தள்ளி, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். வண்டி வந்த வழியே பின்னால் பாய்ந்தது. கேட்டோரம் இருந்த தண்ணீர் டிரம் உருண்டது. பூந்தொட்டிகள் நொறுங்கின. சுவரில் முட்டி, ஒரு விக்கல் விக்கி, இன்ஜின் நின்றது.

அவன் ஓடினான். ஓடியவன் வண்டியைச் சுற்றி வந்து, சேற்றில் முழங்கால் போட்டு, அடியில் தலையை விட்டான்.

"ராடு வளைஞ்சிருக்கா பாக்கறேன்!"

"மொதல்ல நான் வளைஞ்சிருக்கேனா பாருய்யா!" என்று உள்ளேயிருந்து சகலை கத்தினார்.

ராடு வளையவில்லை. புது வெல்டிங் அப்படியே இருந்தது. அவன் எழுந்து வந்தான். சகலை இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டிரம்மையும் தன் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் என்ன பண்ணேன்? மேல தள்ளினேன். ஊர் உலகத்துல மேல தள்ளினா ஃபர்ஸ்ட்!"

"இதுல அது ரிவர்ஸ், சகல. இங்க பாருங்க." அவன் குந்தி உட்கார்ந்து ஈர மண்ணில் விரலால் கோடு போட்டான். "இது நியூட்ரல். இப்படி இழுத்து மேல போனா ரிவர்ஸ். கீழ வந்தா ஃபர்ஸ்ட்."

சட்டையின் பின்பக்கத்தை யாரோ இழுத்தார்கள்.

"அப்பா."

"இரு. அந்தப் பக்கம் மேல போனா ரெண்டு..."

"அப்பா, இத பாரு."

"இரும்மா, ஒரு நிமிஷம். கீழ வந்தா மூணு. ஸ்டியரிங்ல இருந்த அதே வரிசைதான். அப்படியே இறக்கியிருக்கேன், அவ்வளவுதான்."

சட்டையை இழுத்த கை விட்டுவிட்டது. அவன் கோட்டைப் போட்டு முடித்தான். நிமிர்ந்தபோது மகள் அங்கே இல்லை. படியில் அக்கா மட்டும் நின்றாள்.

"தம்பி."

"சொல்லுங்க அக்கா. வண்டிக்கு ஒண்ணும் ஆகல. பின்னால கொஞ்சம் நசுங்கியிருக்கு, தட்டி எடுத்துடலாம்."

"எனக்கு கியரப் பத்தி ஒரு கவலையும் இல்ல."

அவனுக்குப் புரியவில்லை. "நீங்கதான அக்கா சொன்னீங்க, அந்த வண்டில அனுப்ப மாட்டேன்னு."

"சொன்னேன். நடுரோட்டுல நின்னா என்ன? தள்ளிவிட நாலு பேர் வருவாங்க. எங்கப்பா இதத் தள்ளாத தெருவே இந்த ஊர்ல கிடையாது. அன்னைக்கு நீங்க விட்டுட்டுப் போனப்பறம் அவ என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'பெரியம்மா, நான் அழுதுட்டே இருந்தேன், அப்பா என்னைப் பாக்கவே இல்ல, பானெட்டுக்குள்ளயே பாத்துட்டு இருந்தார்'னா. நான் அதச் சொன்னேன். நீங்க என்னடான்னா கியர மாத்திட்டு வந்து நிக்கறீங்க."

சகலை டிரம்மை நிமிர்த்தினார்.

"இப்பகூட," என்றாள் அக்கா, குரல் கொஞ்சம் இறங்கி, "அவளுக்கு மொத பல்லு விழுந்திருக்கு. காலையிலேருந்து அத கையில வெச்சிட்டு, வாயத் தொறந்து பேசாம இருந்தா. உங்களுக்குத்தான் மொதல்ல காட்டணுமாம். எங்க ரெண்டு பேருக்கும் காட்டல."

அவன் கையில் இருந்த சேற்றைச் சட்டையில் துடைத்தான். மறுபடி துடைத்தான். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தான்.

"அன்னைக்கு அவ அழுதது எனக்குக் கேட்டுச்சு அக்கா" என்றான். "கேக்காம இல்ல. ஆனா ஒண்ணும் தோணல. யார் வீட்டுக் குழந்தையோ அழற மாதிரி இருந்துச்சு. அதுக்கு பயந்துதான் இங்க கொண்டுவந்து விட்டேன். வண்டிக்காக இல்ல."

சொல்லி முடித்ததும் திட்டு விழும் என்று எதிர்பார்த்தான். அக்கா படியில் உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி போன அன்னைக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? சமையலறையக் கழுவினேன். ஃபோன் வந்துச்சு, சரின்னு கேட்டு வெச்சுட்டு, கழுவ ஆரம்பிச்சேன். தண்ணி வாசல் வரைக்கும் வந்துடுச்சு. இவர்தான் வந்து குழாய மூடினார். என் கூடப்பொறந்தவ. எனக்கு அழுகை வந்தது எப்பன்னு நெனைக்கறீங்க? இந்தப் பட்டாணி வந்து, அவள மாதிரியே செருப்ப மாத்திப் போட்டுட்டு நின்னா பாருங்க, அப்பத்தான்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "போய் அவகிட்டயே கேளுங்க. வரேன்னா கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா இங்கயே சேத்துடறேன். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

பட்டாணி உள்ளறையில் கட்டில் விளிம்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் நின்றான்.

"பல்லக் காட்டு."

"இல்ல."

"எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்ட?"

"ஜன்னல் வழியா."

"இரு, நான் போய்த் தேடி..." அவன் பாதி திரும்பிவிட்டான்.

"வேண்டாம்" என்றாள்.

அவன் நின்றான். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான். கட்டில் கிறீச்சிட்டது. ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது என்று தோன்றியது. அதை அப்படியே விட்டான்.

"வாயக் காட்டு."

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். வாயைத் திறந்தாள். கீழ் வரிசையில், முன்னால், சின்ன இடைவெளி. ஈறு சிவந்திருந்தது. அதற்கு அடியில் புதுப் பல்லின் வெள்ளை விளிம்பு அரிசிமுனை மாதிரி தெரிந்தது. அவன் குனிந்து பார்த்தான். நாக்கை அந்த இடைவெளியில் விட்டு ஆட்டிக் காட்டினாள்.

"வலிச்சுதா?"

"கொஞ்சம். ரத்தம் வந்துச்சு. பெரியப்பா கத்திட்டார்."

"நீ?"

"நான் கத்தல."

"நம்ம வீட்டுக்கு வர்றியா?"

அவள் யோசித்தாள். "அந்த வண்டி சிக்குமா?"

"கியர் சிக்காது."

"வேற ஏதாவது சிக்கினா?"

"தெரியல" என்றான்.

"நான் அழுவேன்."

"சரி."

"அழுதா நீ பேசாம இருக்கக் கூடாது."

"நான் என்ன சொல்லணும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பட்டாணி. கட்டிலிலிருந்து குதித்துத் தன் பையைத் தேடப் போனாள்.

வாசலில் வண்டியின் கதவைத் திறந்துவிட்டு அவன் ஒதுங்கி நின்றான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன இங்க?"

"கியர். கீழ வந்துடுச்சு."

"என் எடம்?"

"இருக்கு. உனக்காகத்தான் வளைச்சிருக்கேன், பாரு. உக்காந்து பாரேன், முட்டியில இடிக்கவே இடிக்காது." சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பட்டாணி கம்பியைப் பார்த்தாள். அதன் வளைவை விரலால் தடவினாள். சீட்டில் ஏறி, தவழ்ந்து, நடு இடத்தைத் தாண்டி, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் இங்கதான்."

இத்தனை மாதத்தில் மனைவியின் அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. கடைக்குப் போனால் வாங்கிய பையைக்கூடப் பின்னால்தான் வைப்பான். அவள் கண்ணாடியை இறக்கும் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியிருந்தாள்.

அக்கா ஜன்னலோரம் வந்தாள். "சின்ன வயசுல நடு எடம்தான் எனக்கு. இந்த ஜன்னலுக்கு நான் அழுத அழுகை கொஞ்சமா? விட்டாளா உங்கம்மா? மூத்தவ நான், ஆனா ஜன்னல் அவளுக்கு." பட்டாணியின் தலையை வெளியே இழுத்து முத்தம் கொடுத்தாள். பிறகு அவனிடம், "வெள்ளிக்கிழமை நான் வந்து பாப்பேன். அதுவரைக்கும் ஃபோன் பண்ணா எடுங்க தம்பி. எண்ணெய் போட்டுட்டு இருந்தேன்னு சொல்லாதீங்க."

அவன் வண்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு, கம்பியை இழுத்து முன்னால் தள்ளி ரிவர்ஸில் வெளியே எடுத்தான்.

"அதேதான்யா நானும் பண்ணேன்!" என்று உடைந்த தொட்டியோடு சகலை கத்தினார். "நான் பண்ணா மட்டும் தப்பு!"

பட்டாணி சிரித்தாள். தெரு திரும்பும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே வந்தாள். திரும்பியதும் கை உள்ளே வந்தது. அவன் இரண்டாவது போட்டான். மூன்றாவது போட்டான். இன்ஜின் சீராக ஓடியது. கொஞ்ச தூரம் போனபிறகு, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் அழுகையே கேட்டது. முதலில் பெரியம்மா வேண்டும் என்று அழுதாள். அப்புறம் பல் வேண்டும் என்று அழுதாள். அப்புறம் என்ன வேண்டும் என்று சொல்லாமல் அழுதாள்.

அவன் கண் ரோட்டில் இருந்தது. கை கம்பியைப் பிடித்தது, விட்டது. கண்ணாடியைச் சரிசெய்தது. ஹாரனைத் தொட்டது. வண்டி ஓடுகிற வரைக்கும் கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். இப்படியே வீடுவரை போய்விடலாம். போய்விட்டால் அதற்குள் அழுகையும் ஓய்ந்துவிடும்.

அடைத்திருந்த ஒரு கடையின் முன்னால் வண்டியை ஓரங்கட்டினான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து, திட்டிவிட்டுப் போனான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றதும் அவள் அழுகை இன்னும் பெரிதாகக் கேட்டது.

அவளைப் பார்த்து முழுவதும் திரும்பி உட்கார்ந்தான். வளைந்த கம்பி அவன் முட்டியில்தான் இடித்தது.

"என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல பட்டாணி" என்றான். "தண்ணி வேணுமா? திரும்பிப் போலாமா? போய் அந்தப் பல்லத் தேடட்டுமா?"

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"ஒண்ணும் பண்ணாத" என்று விக்கலுக்கு நடுவில் சொன்னாள்.

"ஒண்ணுமா?"

"ஒண்ணும். இங்க பாத்துட்டு இரு."

அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்தான். எந்த வேலையும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. கை துருதுருத்தது, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டான். அவள் அவனைப் பார்த்தபடி அழுதாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல் விழுந்த இடம் அழும்போது திறந்து திறந்து மூடியது. அவன் கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. அதை அவள் ஒன்றும் சொல்லவில்லை.